ஒன்பது வெள்ளைக் கம்பங்கள்

கொழுந்தன்: தூரம் அளக்கிற மெஷின் எல்லாம் வேணாம் அண்ணி. மட்டையைக் கையில எடுத்துப் பாருங்க. பிடிச்சா வாங்குவோம், கிளம்புவோம்.

அண்ணி: ஏன்டா கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்டவன் மாதிரி நிக்கிற? கடைக்குள்ள நுழைஞ்சு அஞ்சு நிமிஷம்கூட ஆகல.

கொழுந்தன்: நாளைக்கு கோல்ஃப் அணிக்குத் தேர்வு ஆட்டம். இன்னைக்குப் போயி தோளை வருத்திக்கிட்டு…

அண்ணி: பத்துப் பந்து அடிச்சா தகடு கழண்டு விழுந்துடாது.

கடைக்காரர்: எதுல தகடு மேடம்?

அண்ணி: வலது தோள்ல சார். போன வருஷம் ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்துட்டேன்.

கொழுந்தன்: விழல. நான் விழ வச்சேன்.

அண்ணி: ஆரம்பிச்சுட்டான்… மழை பெஞ்சிருந்துச்சு, ரோட்டுல எவனோ எண்ணெயைக் கொட்டிட்டுப் போயிட்டான், வண்டி வழுக்கிடுச்சு. இவன் ஓட்டினான், நான் பின்னாடி உக்காந்திருந்தேன். கதை அவ்வளவுதான். அன்னையிலேர்ந்து ஐயா வண்டியையே தொடறதில்ல. இங்க வர்றதுக்கு ரெண்டு பஸ் மாறி வந்தோம்.

கடைக்காரர்: தம்பியும் ஆடுவாரா?

அண்ணி: என் வீட்டுக்காரரோட தம்பி. ஆட மாட்டான், என் பையைத் தூக்குவான். குழியில நட்ட கொடி எத்தனை கஜத்துல இருக்குன்னு சொல்றது இவன் வேலை. அடிக்கிறது என் வேலை. தோத்தா திட்டு வாங்கறதும் இவன் வேலைதான்.

கொழுந்தன்: அதுக்குத்தான் சம்பளமே.

அண்ணி: எவன் குடுத்தான் சம்பளம்?

கடைக்காரர்: சரி… பையில இப்போ என்னென்ன இருக்கு?

அண்ணி: பதிமூணு மட்டை. பதினாலு வரைக்கும் வச்சுக்கலாம், ஒரு இடம் காலி. பெரிய மட்டை, டிரைவர்ல அடிச்சா இருநூறு கஜம். அதுக்கு அடுத்த மட்டை ஹைப்ரிட். அது நூத்தி எழுபது.

கடைக்காரர்: ரெண்டுக்கும் நடுவுல?

அண்ணி: ஒண்ணுமில்ல. முப்பது கஜம் ஓட்டை.

கடைக்காரர்: அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஃபேர்வே வுட்னு ஒரு மட்டை. இங்க பாருங்க, மூணு, அஞ்சு, ஏழு. நம்பர் சின்னதா இருந்தா பந்து தாழ்வா, தூரமாப் போகும். நம்பர் பெருசானா உசரமா எழும்பி மெத்துனு விழும்.

அண்ணி: பேருதான் வுட்டு. தட்டினா டங்குங்குது.

கடைக்காரர்: மரம் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு மேடம், பேரு ஒட்டிக்கிச்சு. என் மச்சினனுக்குப் பேரனே பொறந்தாச்சு, வீட்டுல இன்னும் 'சின்னப்பையா'தான்.

கொழுந்தன்: அஞ்சு நல்லாருக்கு அண்ணி. நடுவாந்தரம். கட்டச் சொல்லிடலாமா?

அண்ணி: துணிக்கடையிலகூட ஒட்ட வச்சுப் பார்ப்பாங்கடா. அடிச்சுப் பார்க்காம வாங்கச் சொல்ற.

கொழுந்தன்: கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குங்கிறேன். உங்க தூரம்தான் நமக்குத் தெரியுமே.

கடைக்காரர்: தம்பி, தூரத்தை அளக்காம நான் மட்டை விக்கிறதில்ல. வலைக்குள்ள அடிங்க, சுவத்துல நம்பர் வரும். ஆமா, எந்த மைதானத்துல ஆடறீங்க?

அண்ணி: தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, ஒம்பது குழி மைதானம்.

கடைக்காரர்: ஐயோ… அங்கேர்ந்தா?

கொழுந்தன்: ஏன், அங்கேர்ந்து வந்தா என்ன?

கடைக்காரர்: ஒரு வருஷமா அங்கேர்ந்து வர்றவங்க அத்தனை பேரும் என் மெஷினோட சண்டை தம்பி. போன வாரம் ஒரு பல் டாக்டர் வந்தார். 'நான் நூத்தைம்பது அடிக்கிறவன், உன் மெஷின் நூத்தி முப்பத்தஞ்சுன்னு காட்டுது'ன்னு கத்திட்டுப் போனார். அந்த மைதானத்துல காத்து ஏதாச்சும் விசேஷமா அடிக்குதா?

கொழுந்தன்: …மேடு பள்ளம் ஜாஸ்தி.

அண்ணி: உனக்கு ஏன்டா வேர்க்குது?

கொழுந்தன்: ஃபேன் இல்ல.

அண்ணி: உன் தலைக்கு மேலதான் சுத்துது.

கடைக்காரர்: கையுறை மாட்டிக்குங்க மேடம். அட, இது என்ன, இடது உள்ளங்கையில காய்ப்பு? கையுறை போடற கையில இப்படி வராதே.

அண்ணி: பழைய கொப்புளம் சார். முதல்ல எதை அடிக்க?

கடைக்காரர்: ஹைப்ரிட்டையே அடிங்க. அளவு தெரியட்டும்.

கொழுந்தன்: அண்ணி, மெதுவா…

அண்ணி: தள்ளி நில்லு… ம்ம்!

கடைக்காரர்: நல்ல அடி. நூத்தி ஐம்பத்தாறு.

அண்ணி: எவ்வளவு?

கடைக்காரர்: நூத்தி ஐம்பத்தாறு. இன்னொண்ணு அடிங்க… நூத்தி ஐம்பத்து நாலு. இன்னொண்ணு… நூத்தி ஐம்பத்தஞ்சு. எவ்வளவு ஒரே சீரா அடிக்கிறீங்க!

அண்ணி: தம்பி… நூத்தி எழுபதுல்ல வரணும்?

கொழுந்தன்: மெஷின் பழசு அண்ணி. பார்த்தாலே தெரியுது.

கடைக்காரர்: பழசா? போன மாசம்தான் ஆள் வந்து சரிபார்த்துட்டுப் போனார். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்… மேடத்தைச் சொல்லல, பொதுவாச் சொன்னேன்.

அண்ணி: டிரைவரைக் குடு.

கொழுந்தன்: போதும் அண்ணி, தோளு…

அண்ணி: குடுடா.

கடைக்காரர்: …நூத்தி எண்பத்தஞ்சு. பாருங்க, ரெண்டுலயும் அச்சு வச்ச மாதிரி பதினஞ்சு குறையுது. ஓட்டை அதே முப்பதுதான், இடம் மட்டும் கீழ இறங்கியிருக்கு. இப்போ இந்த மூணாம் நம்பரை அடிங்க.

அண்ணி: ம்ம்… தரையோட போகுது.

கடைக்காரர்: உருண்டு உருண்டு நூத்தி எழுபத்தஞ்சு வந்துடும். ஆனா காத்துல பறந்தது நூத்தி ஐம்பத்தெட்டுதான். ஏழாம் நம்பர்… அருமையா எழும்புது, நூத்தி அறுபது. இப்போ அஞ்சு… ஆஹா! பறந்ததே நூத்தி அறுபத்தொம்பது! பொண்ணு பார்க்க வந்த இடத்துல ஜாதகம் பொருந்தின மாதிரி. நாளைக்கு எங்க ஆடறீங்க?

அண்ணி: பெரிய மைதானத்துல. முதல் மூணு பேருக்குத்தான் அணியில இடம். இதை விட்டா அடுத்த தேர்வு நாலு வருஷம் கழிச்சு. அப்போ என்னை யாரு கூப்பிடப் போறா…

கடைக்காரர்: அங்க பதினாறாவது குழியில ஏரி இருக்கே!

அண்ணி: இருக்கு. எல்லாரும் அங்கதான் முழுகறாங்களாம்.

கடைக்காரர்: தண்ணியைத் தாண்டவே நூத்தி அறுபத்தஞ்சு வேணும். அப்போ இந்த அஞ்சாம் நம்பரை எடுத்துக்குங்க, கண்ணை மூடிட்டு அடிக்கலாம்.

அண்ணி: வேணாம் சார். அதுக்கு என் ஹைப்ரிட் போதும்.

கடைக்காரர்: மேடம்… அது நூத்தி ஐம்பத்தஞ்சுதான் போகுது. நம்பர் உங்க கண்ணு முன்னாடியே இருக்கு.

அண்ணி: வலைக்குள்ள அடிக்கிறது வேற, வெளியில வேற. எங்க மைதானத்துல ஒவ்வொரு குழியிலயும் கொடிக்கு நூத்தைம்பது கஜம் முன்னாடி ஒரு வெள்ளைக் கம்பம் நட்டிருக்கு. ஒம்பது கம்பம். அதை வச்சுத்தான் இவன் தூரம் சொல்லுவான். ஒரு வருஷமா இவன் நூத்தி எழுபதுன்னு சொன்னா ஹைப்ரிட்டை எடுப்பேன், பந்து கொடிகிட்டப் போய் உக்காரும். என் கண்ணு பொய் சொல்லுமா? என்னடா தம்பி?

கொழுந்தன்: பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி.

அண்ணி: கேக்கிறேன்ல. நூத்தி எழுபதுதானே?

கொழுந்தன்: நாளைக்கு… நானே பை தூக்கறேன்னு இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமா அண்ணி?

அண்ணி: சொந்தக்காரங்க தூக்கக்கூடாதுன்னு எழுதியே போட்டுட்டாங்க. சீட்டுக் குலுக்கி யாரையோ குடுப்பாங்க. அந்த ஆள் அளந்து, 'ஏரிக்கு நூத்தி அறுபத்தஞ்சு'ன்னு சொல்லுவான். நான் ஹைப்ரிட்டை எடுப்பேன். அஞ்சு கஜம் மிச்சமாத் தாண்டும். இதுல பயப்பட என்ன இருக்கு?

கொழுந்தன்: அஞ்சாம் நம்பரையும் பையில வச்சுக்கோங்களேன். சும்மா இருக்கட்டும்.

அண்ணி: சும்மா எதுக்குச் சுமக்கணும்? ஒண்ணு, மெஷின் பொய் சொல்லுது. இல்லன்னா நீ பொய் சொல்ற. நீ என்கிட்ட பொய் சொல்ல மாட்ட. அப்போ மெஷின்தான். வா, கிளம்பலாம்.

கடைக்காரர்: மேடம், கோவிச்சுக்காதீங்க…

அண்ணி: கோவமே இல்ல சார். தம்பி, பையைத் தூக்கு.

கொழுந்தன்: ஒரு நிமிஷம் அண்ணி.

அண்ணி: தூக்குடா. ரெண்டு பஸ் மாறணும்.

கொழுந்தன்: தண்ணியில விழும் அண்ணி.

அண்ணி: என்ன?

கொழுந்தன்: ஹைப்ரிட் எடுத்தீங்கன்னா பந்து தண்ணியில விழும். பத்து கஜம் குறைவா விழும். ஒம்பது தடவை அடிச்சாலும் ஒம்பதும் தண்ணியிலதான்.

அண்ணி: எப்படித் தெரியும்?

கொழுந்தன்: மெஷின் சரி. கம்பம்தான் தப்பு.

கடைக்காரர்: எந்தக் கம்பம்?

கொழுந்தன்: கட்டுப் பிரிச்சு, நீங்க முதல் தடவை ஆட வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி… விடியக்காலையில கடப்பாரையைத் தூக்கிட்டுப் போனேன். கம்பத்தைப் பிடுங்கி, பதினஞ்சு கஜம் கொடிப்பக்கமாத் தள்ளி நட்டேன். நூத்தைம்பதுன்னு எழுதியிருக்கறது உண்மையில நூத்தி முப்பத்தஞ்சு.

கடைக்காரர்: அடப்பாவி! அப்போ அந்தப் பல் டாக்டர்…

கொழுந்தன்: எல்லாரும்தான் சார்.

கடைக்காரர்: ஒரு வருஷமா ஒருத்தனுக்கும் சந்தேகம் வரலயா?

கொழுந்தன்: வந்து சொல்லுவாங்கன்னு தினம் பயந்தேன். ஆனா தூரம் கூடிப்போச்சுன்னு எவன் சார் புகார் குடுப்பான்? ஆளாளுக்கு மீசையை முறுக்கிட்டுத் திரிஞ்சாங்க.

கடைக்காரர்: என் மெஷின் மானம் கப்பலேறிடுச்சேய்யா…

அண்ணி: சார், ஒரு நிமிஷம். ஏன்டா இப்படிப் பண்ண?

கொழுந்தன்: உங்க தோளைப் பார்த்த டாக்டர், அண்ணன்கிட்ட சொன்னதைக் கேட்டுட்டேன். 'ஆடலாம், ஆனா பழைய தூரம் வராது'ன்னார். நீங்க முதல் அடியிலயே அதைப் பார்த்துட்டு மட்டையைக் கீழ போட்டுருவீங்கன்னு… என்னாலதானே அண்ணி போச்சு, அந்தப் பதினஞ்சு கஜம். எங்கேர்ந்தாவது எடுத்துக் குடுக்கணும்னு தோணுச்சு.

அண்ணி: மண்ணைத் தோண்டியா எடுத்துக் குடுப்ப?

கொழுந்தன்: நாளைக்கு வெளியாள்தான் பை தூக்குவான்னு சொன்னப்பவே மாட்டிக்கப் போறோம்னு தெரிஞ்சிடுச்சு. மூணு நாளாச் சொல்லணும், சொல்லணும்னு… வாய் வரல. அடிங்க, திட்டுங்க, அண்ணன்கிட்ட சொல்லுங்க. ஆனா அஞ்சாம் நம்பரை மட்டும் வாங்கிடுங்க.

அண்ணி: சார், அஞ்சாம் நம்பரைக் கட்டுங்க.

கடைக்காரர்: கட்டறேன் மேடம்… கட்டறேன். பிடியில புதுசா ரப்பர் மாட்டித் தர்றேன்.

கொழுந்தன்: அண்ணி… திட்டலயா?

அண்ணி: நாளைக்கு நான் ஏரி முன்னாடி நிக்கறப்ப, நீ கூட்டத்தோட கயித்துக்கு வெளியில நின்னு உள்ளுக்குள்ள செத்துட்டு இருக்கக்கூடாது. அதுக்குத்தான் இங்க இழுத்துட்டு வந்தேன். உன் வாயால வரணும்னுதான் இவ்வளவு நேரம் வீம்பு பண்ணேன்.

கொழுந்தன்: அப்போ… உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

அண்ணி: நீ கூட்டிச் சொல்லுவ, நான் மனசுக்குள்ள கழிச்சுக்குவேன். ரெண்டு வழியிலயும் கையில வர்றது அதே ஹைப்ரிட்தானேடா. தெரியாத மாதிரியே ஒரு வருஷம் ஆடிட்டேன்.

கொழுந்தன்: எப்படி…

அண்ணி: அது இருக்கட்டும். அன்னைக்குக் கடப்பாரையைத் தூக்கிட்டுப் போனியே, ஜன்னல் வழியாப் பார்த்தேன், எத்தனை கம்பம் நட்ட?

கொழுந்தன்: ஆறு. அதுக்குள்ள விடிஞ்சிடுச்சு, நடைப்பயிற்சிக்கு ஆளுங்க வந்துட்டாங்க. மீதி மூணை மறுநாள் பார்த்துக்கலாம்னு ஓடி வந்துட்டேன்.

அண்ணி: மறுநாள்?

கொழுந்தன்: போய்ப் பார்த்தா அந்த மூணும் தள்ளி நட்டிருந்துச்சு. அதே பதினஞ்சு கஜம். மைதானத்துத் தோட்டக்காரர்தான், ஆறைப் பார்த்துட்டு, இந்த மூணுதான் இடம் தப்பி நிக்குதுன்னு நெனச்சு ஒழுங்கு பண்ணிட்டார் போல. சாமி புண்ணியம்னு திரும்பி வந்துட்டேன். ஏன் அண்ணி?

அண்ணி: ஆறு குழியில நூத்தி எழுபது அடிக்கிறவ, மூணு குழியில மட்டும் நூத்தி ஐம்பத்தஞ்சு அடிச்சா எவன் நம்புவான்? முதல் நாளே மாட்டியிருப்ப.

கொழுந்தன்: அதான் சொல்றேனே, தோட்டக்காரர் புண்ணியத்துல…

அண்ணி: தோட்டக்காரர் ரெண்டு கையால தோண்டறவர்டா, அவர் நட்டா நேரா நிக்கும். எட்டாவது கம்பம் ஒரு வருஷமாக் குடிகாரன் மாதிரி சாஞ்சு நிக்குதே, பார்த்ததில்ல? எனக்கு இடது கையால அவ்வளவுதான் முடிஞ்சுது.