ஆணியில் தொங்கிய கயிறு

மெழுகுவர்த்தியை இன்னும் கொஞ்சம் நடுவில் தள்ளி வையுங்கள். கதவைச் சாத்தியாயிற்றா? சரி. நடுவில் யாராவது சிரித்தால் அதோடு நிறுத்திவிடுவேன். இந்தக் கதையைச் சொல்லவே எனக்குப் பிடிக்காது. பயத்தால் இல்லை... கோபத்தால்.

என் நண்பன் தைனியுஸை உங்களுக்குத் தெரியும். அவனுடைய சித்தி வைவா. இது அவளுக்கு நடந்தது.

நவம்பர் முதல் தேதி. சாயங்காலம் நாலு மணி. அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. மினியா ஆற்றுக்குப் போகும் காட்டுப் பாதையில் ஒரு பழைய ஜீப். முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை. மறுநாள் கல்லறைத் திருநாள். ஊர் முழுக்கக் கல்லறைகளைக் கூட்டிப் பெருக்கிப் பூ வைத்துக்கொண்டிருந்தது. இவர்கள் மூன்று பேர் மட்டும் மீன் பிடிக்கப் போனார்கள். ஓட்டியவன் ரோமாஸ், வைவாவின் கணவன். பக்கத்தில் அவனுடைய சிநேகிதன் எவால்தாஸ். பின் இருக்கையில் வைவா. அவள் மடியில் ஒரு பச்சைக் கோட்டு.

அது அவள் தம்பி கிந்தாஸின் கோட்டு.

கிந்தாஸ் ஒரு காலத்தில் மொடாக்குடிகாரன். ஒருநாள் அக்காவின் சமையலறையில் வந்து நின்று, "இனிமே தொட மாட்டேன்க்கா" என்றான். தொடவில்லை. ஆறு வருடம். கை பரபரக்கும்போதெல்லாம் சீமைச் சோம்பை வாயில் போட்டு மெல்லுவான். கருப்பு ரொட்டியில் போடுகிற அதே சோம்புதான். சட்டைப் பையில் சோம்பு, ஜீப் இருக்கையில் சோம்பு. அவன் வருவதற்கு முன்னே வாசனை வந்துவிடும்.

அதற்கு முந்தின வருடம் இதே நாளில் ரோமாஸ், எவால்தாஸ், கிந்தாஸ் மூன்று பேரும் ஆற்றுக்குப் போனார்கள். இரண்டு பேர்தான் திரும்பினார்கள்.

"செம போதை சார். எவ்வளவோ சொன்னோம், கேக்கல. விடியக்காலைல தனியா படகை எடுத்துட்டுப் போயிட்டான்," என்று போலீசிடம் ரோமாஸ் சொன்னான். கவிழ்ந்த படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போனவன் இந்தப் பச்சைக் கோட்டை ஆற்றங்கரையில் அவர்கள் தங்கும் குடிலில் விட்டுப் போயிருந்தான். போலீஸ்காரர் அதை வைவாவிடம் கொடுத்தார். முகர்ந்து பார்த்தாள். சாராயம். காலர், கை, பை... எல்லாம் சாராயம்.

அவள் அழவில்லை. திட்டினாள். அன்றிலிருந்து ஒரு வருடம் தம்பியைத் திட்டினாள். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் போகும்போது, தூங்கப் போகும்போது. பொய்யன், சத்தியத்தைத் தின்றவன். உடல் இல்லாமல் கல்லறைத் தோட்டத்தில் வெறும் சிலுவையை நட்டார்கள். அதற்கு அவள் ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை. இந்த முறை ஆண்கள் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். கோட்டை அதே ஆற்றில் வீசி, 'உன் நாத்தத்த நீயே வச்சுக்கடா' என்று ஒரு வார்த்தை சொல்லித் தலைமுழுகிவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தாள்.

லிதேகா மீனை அங்கே கவட்டை வைத்துப் பிடிப்பார்கள். தெரியுமே, முழங்கை நீளம், தட்டை மூக்கு, வாய் நிறையப் பல். மரக் கவட்டையில் நூலைச் சுற்றி, முள்ளில் ஒரு சின்ன மீனை உயிரோடு கோர்த்து, கரையோரக் கிளைகளில் கட்டித் தொங்கவிடுவார்கள். லிதேகா கவ்வினால் நூல் ர்ர்ர்ர்... என்று அவிழ்ந்து ஓடும். விடியலில் யாராவது படகில் போய் ஒவ்வொன்றாகப் பார்த்து வர வேண்டும். அந்தக் குளிரில் எழுந்து போகிற வேலை எப்போதும் குடிக்காதவன் தலையில்தான் விழும்.

அன்று கவட்டைகளைக் கட்டி முடிப்பதற்குள்ளேயே ஒரு லிதேகா விழுந்துவிட்டது. பெரியது. உயிரோடு வாளித் தண்ணீரில் போட்டுக் குடிலுக்குள் கதவோரமாக வைத்தார்கள். எவால்தாஸ் பாட்டிலைத் திறந்தான்.

"முதல் மீனுக்கு ஒரு வாய் குடிக்கலன்னா ஆறு கோவிச்சுக்கும் தங்கச்சி."

"கோவிச்சுக்கட்டும். எனக்கே இங்க வேணுங்கிற அளவு கோவம் இருக்கு."

"அந்தக் கோட்டை எதுக்குத் தூக்கிட்டு வந்த?" என்றான் ரோமாஸ்.

"உன் மச்சானோடதுதானே? அதுவும் உங்ககூட உக்காந்து குடிக்கட்டும்."

கோட்டைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். பக்கத்து ஆணியில் ஒரு கயிற்றுச் சுருள் தொங்கியது. நல்ல நீளம். நுனியில் வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் கட்டியிருந்தது. தண்ணீரில் யாராவது மாட்டிக்கொண்டால் வீசுவதற்கு. ரோமாஸ் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் குடித்தான். பாட்டில் காலியாகும் வரை ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

காலை ஆறே முக்கால்.

ஜன்னலில் பனிமூட்டம் அப்பிக் கிடந்தது. அடுப்பு அணைந்துவிட்டது. சாம்பல் வாசனை, ஈரக் காலுறை நாற்றம், இரண்டு பேர் குறட்டை. வைவா விழித்துத்தான் கிடந்தாள்... அப்போது சோம்பு வாசனை வந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மெல்வதுபோல்.

பிறகு வெளியே... ஆற்றின் கீழ்ப்பக்கம், தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் வில்லோ மரத்தின் பக்கமிருந்து...

"மச்சான்..."

அலறல் இல்லை. ஏணியை எடுத்து வா என்று வாசலிலிருந்து கூப்பிடுவோமே, அப்படி ஒரு சாதாரணக் குரல்.

"மச்சான்... கயிறு போடு..."

யாரோ வேறு மீன்காரன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வேறு என்ன சொல்லிக்கொள்ள முடியும்? ரோமாஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுந்திரு. ஆத்துல யாரோ கூப்பிடறாங்க."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. தூக்கமும் போதையும் பாதிப் பாதி. போர்வையைக் காது வரை இழுத்துக்கொண்டு சொன்னான்...

"கத்தட்டும் விடு... கொஞ்ச நேரத்துல தானா நின்னுரும். போன தடவையும் நின்னுச்சு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கொஞ்சம் பொறுங்கள்.

வைவா வாளியைத் தூக்கினாள். ஐஸ் தண்ணீர், மீன், எல்லாவற்றையும் சேர்த்து அவன் முகத்தில் கொட்டினாள். அவன் அலறி எழுந்தான். எவால்தாஸும் எழுந்தான். லிதேகா தரையில் கிடந்து பட் பட்டென்று அடித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் வெளியிலிருந்து மறுபடி, "மச்சான்..."

இரண்டு ஆண்கள் காதிலும் அது விழுந்தது. எவால்தாஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவன் குடிக்கலை தங்கச்சி... நாங்கதான் குடிச்சுட்டுக் கெடந்தோம். எல்லார் கவட்டையையும் பாத்துட்டு வரேன்னு போனான். படகு ஏதோ கட்டையில மோதிக் கவுந்துருச்சு போல. அந்த மரத்தைப் புடிச்சுகிட்டுக் கத்தினான்... வெளையாடறான்னு நெனச்சோம்..."

"எவ்வளவு நேரம் கத்தினான்?"

எவால்தாஸ் தரையில் துள்ளுகிற மீனையே பார்த்தான்.

"எவ்வளவு நேரம்டா?"

"அம்பது நிமிஷம் இருக்கும்..."

"அப்ப இந்தக் கோட்டு?"

தாடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ரோமாஸ் சொன்னான். "போலீஸ் வந்தா எங்க வாயை மோந்து பாப்பாங்கள்ல... அவனும் குடிச்சான்னு இருக்கட்டும்னு மிச்சத்தை அதுல ஊத்தினோம். போனவன் போயிட்டான் வைவா... நாங்க உயிரோட இருக்கோமே..."

அவள் அறைந்தாள். ஒரு அறை இல்லை. கை ஓயும்வரை. ஒரு வருடம் தம்பியைத் திட்டிய வாய் அவளுக்கு நெருப்பாக எரிந்தது. தன்னையும் சேர்த்துத்தான் அறைந்தாள் என்று நான் நினைக்கிறேன். பிறகு ஆணியைக் காட்டினாள்.

"இந்தக் கயிறு அன்னைக்கும் இங்கதான் தொங்குச்சா?"

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பேரையும் வெறுங்காலோடு கரைக்கு விரட்டினாள். பனிமூட்டத்தில் ஆறே தெரியவில்லை, ஓடுகிற சத்தம் மட்டும். கேனை வீசினாள். நீரோட்டம் அதைக் கீழே இழுத்துப் போயிற்று. கயிறு கையில் வழுக்கி ஓடியது... ஓடியது... நின்றது.

விறைத்தது. அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

"இழுங்கடா!"

முன்னால் வைவா, பின்னால் ரோமாஸ், கடைசியில் எவால்தாஸ். இழுத்தார்கள். மரக்கிளை கனம் இல்லை அது, மீன் துள்ளலும் இல்லை. நனைந்த துணியோடு ஒரு ஆள் கனம். எவால்தாஸ் ஜெபம் சொல்லிச் சொல்லி அழுதான். பத்து முழம் வந்தது. இருபது முழம் வந்தது. சோம்பு வாசனை மூக்கில் ஏறியது. "வந்துட்டான், விடாதீங்க," என்று வைவா கத்தினாள். அந்த நிமிடம் அவளுக்குப் பேயும் இல்லை, பயமும் இல்லை. தம்பி வருகிறான், அவ்வளவுதான்.

அப்போது மிகப் பக்கத்தில், கரையோர நாணலுக்குள்ளிருந்து, அந்தக் குரல் கேட்டது.

"இவ்வளவு நேரமா மச்சான்?"

ரோமாஸ் கயிற்றை விட்டான்.

ஆமாம். மறுபடியும். விட்டுவிட்டு ஓடினான், அவனுக்கு முன்னால் எவால்தாஸ் ஓடினான். மொத்தக் கனமும் வைவா கையில். அவள் விடவில்லை. கயிறுதான் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போயிற்று. கடைசி நுனி தண்ணீரில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது... சளக். பிறகு ஒன்றுமில்லை.

"கிந்தாஸ்! தம்பி! தெரியாமத் திட்டிட்டேன்டா... அக்காவை மன்னிச்சுருடா..."

பனி கலையும் வரை ரத்தக் கையோடு நின்றாள்.

குடிலுக்குத் திரும்பியபோது கோட்டு ஆணியில் தொங்கியது. தோள் முதல் அடி வரை நனைந்து, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்தாள். சாராய வாடை துளியும் இல்லை. பைக்குள் கை விட்டால், ஊறி உப்பிய சோம்பு கைநிறைய வந்தது.

அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில், அந்த வெறும் சிலுவைக்கு முன்னால், ஊர் பார்க்க இரண்டு பேரையும் நிறுத்தி எல்லாவற்றையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தாள். பிறகுதான் மெழுகுவர்த்தி ஏற்றினாள். எவால்தாஸ் அந்தக் குளிர்காலத்திலேயே வெளிநாட்டு வேலைக்கு ஓடிவிட்டான். ரோமாஸை மட்டும் அவள் வீட்டை விட்டுத் துரத்தவில்லை. பின் அறையைக் கொடுத்தாள். ஏன் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அக்கம்பக்கம் எல்லாரும் கேட்டார்கள்.

போன வருடம் கல்லறைத் திருநாளுக்குத் தைனியுஸ் அங்கே போய்த் தங்கினான். சித்தியின் உள்ளங்கைத் தழும்பை அப்போதுதான் பார்த்தானாம். கூடத்துப் பெஞ்சில் படுத்தான். காலை ஆறே முக்காலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பின் அறையிலிருந்து ரோமாஸ். "கயிறு... யாராவது கயிறு போடுங்க..." தூக்கத்தில் உளறுகிற குரல் இல்லை. தொண்டைக்குள் தண்ணீர் போய்ப் போய்த் திக்குமுக்காடும் குரல்.

தைனியுஸ் பாய்ந்து எழுந்து பின் அறைக் கதவுப் பக்கம் ஓடினான். சமையலறை மேசையருகே வைவா உட்கார்ந்திருந்தாள். முன்னால் டீ, வெண்ணெய் தடவிய ரொட்டி.

"சித்தி! சித்தப்பா கத்தறாரு!"

"உக்காருடா. டீ ஆறிடும்." அவள் ரொட்டியைப் பிட்டாள். "கத்தட்டும் விடு. கொஞ்ச நேரத்துல தானா நின்னுரும். போன தடவையும் நின்னுச்சு."

நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். சரியாக ஐம்பது நிமிடம்.

அதன் பிறகு... அந்தப் பின் அறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. மெதுவாக. சேற்று வாசனையோடு. கூடத்துப் பக்கம் அது வரவில்லை. அந்த அறை வாசல் நீளத்துக்கு ஒரு தடித்த துணி மடித்துப் போட்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வைவா அதை அங்கே விரித்து, காலால் ஓரத்தைச் சரிசெய்ததைத் தைனியுஸ் பார்த்திருக்கிறான். குளிர் வராமல் இருக்கத்தான் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டானாம்.