ஸீரோ காட்டிய முள்

“...ஸீரோன்னு சொன்னது நாந்தான், காக்கா. பிரஷர் காட்டுற கேஜ் முள்ளு ஸீரோவுலதான் நின்னுச்சு.”

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். சொன்னவனுக்கு முப்பது வயதிருக்கும். மடியில் ஒரு பை. பக்கத்தில் தொப்பி போட்ட பெரியவர்; காயல்பட்டினத்துப் பக்கம் அண்ணனைக் ‘காக்கா’ என்பார்கள். கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கப் போன என் கை அப்படியே நின்றுவிட்டது.

“ஏலே, எனக்கு விளங்குற மாதிரி சொல்லு.”

“நாங்க வேலை பாத்த கேஸ் கெணத்துல கேஸோட மணலும் சேந்து வரும். சைக்ளோன்னு ஒரு மிஷினு அதைச் சுத்தவிட்டுப் பிரிச்சு, அடியில உள்ள டிரம்முல தள்ளும். பிரஷர் எறங்கி முள்ளு ஸீரோவுக்கு வந்தாத்தான் டிரம்மு மூடியத் தொறக்கணும். அன்னைக்கு முள்ளுக்குப் போற சின்னக் குழாயை மணல் அடைச்சிட்டு. உள்ள பிரஷர் அப்படியே இருந்திருக்கு. நான் ஸீரோன்னேன். என்கூட வேலை பாத்த காசிம் தொறந்தான், மூடி வெடிச்சுத் தெறிச்சிட்டு.”

“அவன் உம்மாவுக்குத் தெரியுமா?”

“மிஷினு வெடிச்சு மவுத்தாயிட்டான்னுதான் தெரியும். ‘அவன் பையக் கொண்டா மவனே, சோறாக்கி வச்சிருக்கேன்’னு காலையில போன் பண்ணுதாங்க.”

“தின்னுட்டு, பையக் குடுத்துட்டு வந்துரு. சொல்லி என்ன ஆவப்போவுது?”

“சொல்லாம அந்தச் சோறு எப்படி எறங்கும், காக்கா?”

பஸ் ஆறுமுகநேரியைத் தாண்டியது. கண்டக்டர் காயல்பட்டினம் என்று குரல் கொடுத்ததும் பெரியவர் அவன் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நீ இரு. திருச்செந்தூர் போயி அப்படியே திரும்பிரு. ஒனக்கு மேலுக்குச் சரியில்லன்னு அவன் உம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

அவன் பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவருக்கு முன்னால் இறங்கினான்.