ஆயுத பூஜைக்கு அணைத்த கணினி

உங்கள் ஸ்டேஷன் கணினி இவ்வளவு மெதுவாக ஓடுவதற்கு ரைட்டர் மேல் கோபப்படாதீர்கள் மேடம். பாவம், அவர் என்ன செய்வார். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் பழசு. மேசைமேல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே என் பென்டிரைவ், அதைப் பின்னால் செருகி ஆன் செய்தால் இதே கணினி புதுசு மாதிரி ஓடும். வேண்டாமா, சரி. என் பெயர் ஜெபதுரை, வீடு ஜூஜுவாடியில். நீங்கள் கேட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். கொஞ்சம் கணினிப் பாடம் நடத்த வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த டிரைவில் இருப்பது லினக்ஸ், விண்டோஸ் மாதிரி கணினியை ஓட்டுகிற மென்பொருள். எந்தக் கணினியில் செருகினாலும் அது தன் சொந்த டிஸ்கை மறந்துவிட்டு இதிலிருந்து எழும்பும். பிடுங்கினால் பழையபடி ஆகிவிடும். இதைச் செய்வது பெரிய வித்தை இல்லை. ஆனால் பாதிப் பேர் ஓர் இடத்தில் கோட்டை விடுவார்கள். கணினியைத் தட்டி எழுப்பும் சின்னத் துண்டு ஒன்று உண்டு, பூட்லோடர் என்போம். கவனிக்காவிட்டால் அது டிரைவுக்குள் போகாமல் கணினியின் டிஸ்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் டிரைவ் இல்லாமல் அந்தக் கணினி எழும்பாது. கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நிற்கும்.

நானும் முதல் தடவை கோட்டை விட்டவன்தான். முதலாளி விஜயகுமாரின் கணினியில் வைத்துச் செய்தேன். டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பேக்கிங் பெண்கள் வரைக்கும் கேட்கும்படி திட்டினார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு விஷயம் உறைத்தது. அவருடைய கணினி அவர் மேசையில்தான் இருந்தது. அதன் சாவி என் பையில் இருந்தது.

எங்கள் கம்பெனியில் பல்சக்கரங்களை உலையில் சூடாக்கிக் கெட்டிப்படுத்துவோம். உலை ஒரு குழிக்குள் இருக்கிறது. அதற்குள் விடும் கேஸில் கார்பன் மோனாக்சைடு உண்டு. வாசனை இல்லை, நிறம் இல்லை. கசிந்தால் குழியில் நிற்பவனுக்குத் தூக்கம் வருவதுபோல இருக்குமாம். அதற்கு முறையான அலாரம் வாங்கிவையுங்கள் என்று முதலாளியிடம் வாய் வலிக்கச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஆபீஸில் தூக்கிப்போட்ட ஒரு கணினியில் லினக்ஸ் ஏற்றி, குழிக்குள் சென்சார் வைத்து, சைரனையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் அதோடு இணைத்து நானே செய்தேன். இரவு பகலாக அது ஓடியது. அதை நம்பித்தான் ஆட்கள் இறங்கினார்கள்.

உலையைப் பார்த்துக்கொண்டவர் கோவிந்தன். ராயக்கோட்டைக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். அவர் மனைவி லட்சுமியம்மாள் எனக்கென்று தனியாகத் தக்காளி கொடுத்துவிடுவார். குழிக்குள் கால் வைக்கும் முன்னால் கோவிந்தன் என்னைப் பார்த்து, "கம்பூட்டரு முழிச்சிருக்குதுங்களா சார்?" என்று கேட்பார். நான் தலையாட்டினால்தான் இறங்குவார். ஒரு நாளும் கேட்காமல் இறங்கியதில்லை. அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும்.

இந்த வருடம் நான் பார்த்துவந்த பராமரிப்பு வேலையைப் பெங்களூர் ஏஜென்சி ஒன்றிடம் கொடுத்துவிட்டார்கள். பாலாஜி என்று ஒருவன் வந்தான். அத்திப்பள்ளிக்காரன், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவான், கழுத்தில் எப்போதும் அடையாள அட்டை. என் வேலையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நான் விலக வேண்டும். நாள் வேண்டும், இது சின்ன வேலை இல்லை என்றேன். ஷெட்டில் எல்லாரும் இருக்கும்போதே முதலாளி சொன்னார்: "உன் வேலை மொத்தமும் ஒரு பென்டிரைவுல அடங்கிரும்யா. அதக் குடுத்துட்டுக் கெளம்பு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் சொன்னபடியே அடக்கிவிட்டேன். சைரன் கணினியின் பூட்லோடரை அதன் டிஸ்கிலிருந்து அழித்துவிட்டு என் டிரைவுக்கு மாற்றினேன். முன்பு தெரியாமல் செய்த தப்பு, இப்போது தெரிந்து, தலைகீழாகச் செய்தேன். ஓடிக்கொண்டிருக்கும்வரை கணினிக்கு டிரைவ் தேவையில்லை. அணைத்து எழுப்பும்போதுதான் தேவை. பாலாஜி வந்து பார்த்தான், எல்லாம் ஒழுங்காக ஓடியது, திருப்தியாகப் போனான். அவனை ஏமாற்றினேன் என்று சொல்லாதீர்கள். அவன் எதையும் கேட்கவில்லை.

வருடம் முழுக்க அணையாத அந்தக் கணினியை ஒரே ஒரு முறை அணைப்பார்கள், ஆயுத பூஜைக்கு. முதலாளிக்கு அதில் கண்டிப்பு அதிகம். உலையிலிருந்து ஸ்பானர் வரைக்கும் அன்று ஓய்வு. பொட்டு வைத்து, பொரி படைத்து, மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரத்தில்தான் மறுபடி தொடங்க வேண்டும். நான் கிறிஸ்தவன், இருந்தாலும் வருடா வருடம் போய் நின்று கணினியை எழுப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன். இந்த வருடம் லீவு போட்டேன். பாலாஜியே கணினியை அணைத்து, திரையில் சந்தனமும் குங்குமமும் வைத்தானாம்.

விஜயதசமி காலையில் ஜூஜுவாடி டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மாநில பார்டரைத் தாண்ட லாரிகள் வரிசையாக நின்றன. முதலில் பாலாஜி கூப்பிட்டான், எடுக்கவில்லை. அப்புறம் முதலாளி, மறுபடியும் முதலாளி. அவர் பெயர் செல்போன் திரையில் வந்து வந்து மறைவதைப் பார்த்துக்கொண்டே வடை தின்றேன். அந்த அளவுக்குச் சந்தோஷமாக நான் இருந்து வெகுநாள் ஆகியிருந்தது. அதை மறைக்க மாட்டேன். காரை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்து அவர் கெஞ்ச வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அடுத்து கோவிந்தன் கூப்பிட்டார். எடுத்தேன்.

"சார், கம்பூட்டரு எழும்பவே மாட்டேங்குதுங்க. கருப்பா நிக்குது, இங்கிலீசுல ஒரு வரி மட்டும் வருது. நல்ல நேரம் முடியப்போவுது, மொதலாளி பத்த வைன்னு நிக்கறாரு. நீங்க சொன்னாத்தான் எறங்குவன்னு சொல்லிட்டனுங்க."

மேடம், இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழியில் ஒரு கேஸ் பைப் இணைப்பு கசிய ஆரம்பித்திருந்தது எனக்குத் தெரியும். பூஜைக்கு முந்தின வாரமே சென்சாரில் பார்த்தேன், சைரன் அடிக்கும் அளவுக்கு அப்போது வரவில்லை. இனி அது பாலாஜியின் வேலை என்று விட்டுவிட்டேன்.

"ஸ்கிரீன்தான் போயிருக்குது," என்றேன். "உள்ள அது முழிச்சுதான் இருக்குது. எறங்குங்க."

"செரிங்க சார்," என்றார். அவ்வளவு நிம்மதி அந்தக் குரலில்.

கேஸ் கொஞ்சம் கசியும், ஒருவருக்குத் தலை சுற்றும், முதலாளி வெலவெலத்துப் போவார், என் அருமை தெரியும் என்று கணக்குப் போட்டேன். கோவிந்தன் மேலே வரவில்லை. அவரைத் தூக்க பாலாஜி இறங்கினான். அவனுக்கு அந்தத் தைரியம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவனும் மேலே வரவில்லை.

விஷயம் தெரிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். குழியைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள், யாருக்கும் இறங்கத் துணிவில்லை. நான் நேராகக் கணினிக்குப் போய் டிரைவைச் செருகி ஆன் செய்தேன். குங்குமத்துக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. எழும்பிய உடனே ஃபேன் சுற்றியது, சைரன் அலறியது. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் கணினியில் ஒரு குறையும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அப்போதுதான் முதலாளி என் கை அந்த டிரைவின் மேல் இருப்பதைப் பார்த்தார், நீங்களும் வந்தீர்கள்.

முதலாளியின் போனை எடுக்காதவன் கோவிந்தனுடையதை மட்டும் ஏன் எடுத்தாய் என்று கேட்கிறீர்கள். தலை சுற்றப்போவது யாருக்கு என்று தெரியாதா என்றும் கேட்கிறீர்கள். தெரியும். உலையைப் பற்றவைக்கக் குழியில் இறங்குகிறவர் அவர் ஒருவர்தான். பென்டிரைவ் என்று முதலாளி சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள் என்றேனே, அவரும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்தது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. என்னைக் கேட்காமல் ஒரு நாளும் இறங்காத மனுஷன், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை. இறங்கலாமா என்று கேட்டார், இறங்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன் மேடம், ரைட்டரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த டிரைவை மட்டும் வெயில் படாமல் வையுங்கள். கம்பெனியைத் திறக்கும்போது அந்தக் கணினியை எழுப்ப வேறு யாருக்கும் தெரியாது. குழியில் இறங்கப்போகிறவர்களின் உயிர் அதில் இருக்கிறது. என்னைத் தேடித்தான் வருவார்கள்.