நான்காவது பிளக்

கைவிலங்கைக் கழற்றியதற்கு நன்றி சார். கையால் காட்டாமல் எனக்குப் பேச வராது. நிதானமாகச் சொல்கிறேன், நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். மரை கழன்றவன் செய்த வேலை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மரை வெட்டுவதுதான் என் தொழில், அதில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

பட்டறையில் நிற்கிற அந்த வண்டி நான் பிறப்பதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அதன் இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் வரிசையாக ஓட்டைகளை அடைக்கும் ஆறு பிளக்குகள், ஆறும் மரை போட்டுத் திருகியவை. அவற்றுக்குப் பின்னால்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும். ஆறும் துருவேறிக் கசிய ஆரம்பித்திருந்தன. வார்ப்பிரும்பு முரட்டுத்தனம் தாங்காது. விரிசல் விட்டால் பிளாக்கே போச்சு. சூடு காட்டி, மெழுகு உருக்கிவிட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மூன்று நாள் கெஞ்சிக் கெஞ்சிக் கழற்றினேன். எனக்குக் கை முந்தும், பொறுமை பத்தாது என்று அக்கா சொல்லுவாள். அந்த பிளாக்கைப் போய்ப் பாருங்கள், ஒரு கீறல் இருக்காது.

பட்டறை மாமாவுடையது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். நல்ல தொழில்காரர், கண்தான் கிட்டப்பார்வை. புது பிளக் போட்டதும் பிளாக்கில் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்போம். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துத் துளி தேடுவார். தண்ணீரில் ஆபத்தில்லை. பிளக் கழன்றாலும் பொத்தென்று விழும், தரை நனையும், அவ்வளவுதான். அடைபட்ட காற்று அப்படியல்ல, பிளக்கைத் துப்பாக்கி ரவை மாதிரி துப்பிவிடும். இது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரம் அக்காவின் முன்கை கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. அந்த வீட்டில் இனி ஒரு ஆண்பிள்ளைதான் இருக்க முடியும் என்று எனக்குப் பட்டது.

லேத்தில் ஐந்து பித்தளை பிளக்குகளை அளவாகக் கடைந்தேன். நான்காவது ஓட்டைக்கானதை மட்டும் அரை நூல் சுற்றளவு குறைத்தேன். மரை பெயருக்குத்தான் இருந்தது; பிடித்துக்கொண்டிருந்தது பசை. தண்ணீர் ஊற்றவில்லை. பம்ப் மாட்டும் இடத்தில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் குழாயை மாட்டினேன்.

"தண்ணி ரொப்பிட்டியா?" என்று கேட்டார்.

"ரொப்பியாச்சு மாமா. நான் பம்ப் அடிக்கிறேன், நீங்க பாருங்க."

ஒன்று, இரண்டு, மூன்று பார்த்தார். நான்காவதற்கு முகத்தைக் கொண்டுவந்ததும் வால்வைத் திறந்தேன்.

வலது கண் போய்விட்டது. ஆனால் உயிர் போகவில்லை. என் கணிப்பு அந்த ஒரு இடத்தில்தான் தப்பியது. தரையில் தவழ்ந்து, நெற்றியிலேயே இருந்த கண்ணாடியைக் கீழே தடவித் தேடினார். நான் கிட்டே போகும் சத்தம் கேட்டு, "வராதப்பா, தள்ளி நில்லு. இன்னொண்ணும் தெறிச்சாலும் தெறிக்கும்" என்றார்.

நான் சுவரில் மாட்டியிருந்த பெரிய சுத்தியலை எடுத்தேன். ஒரு அடி போதும் என்று நினைத்தேன். நான்கு ஆயிற்று. விபத்து என்று சொல்ல வைத்திருந்தது அதோடு வீணாகிவிட்டது. கையைக் கழுவிவிட்டு, மிச்ச ஐந்து பிளக்கையும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

அக்கா எழுதிக் கொடுத்ததை வாசித்துக் காட்டினீர்கள். அவள் கையை முறுக்கியது நான்தான், மறுக்கவில்லை. என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தப் பார்த்தாள். மாமா அவள் மேல் ஒருநாளும் கைநீட்டியதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வந்த வினையே அதுதான். கல்யாணத்துக்கு முன்னால் நான் கண்ணை உருட்டினாலே அடங்கிவிடுவாள். இவர் வந்து செல்லம் கொடுத்து, எதிர்த்துப் பேசுகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். இந்த வண்டி முடிந்ததும் கிளம்பிவிடு, அவள் மேல் இனி உன் கை படக்கூடாது என்று என்னிடமே சொன்னார். என் அக்காவைப் பற்றி, என்னிடம்.

போகட்டும், இனி அவளும் பழையபடி ஆகிவிடுவாள். வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டாளாமே. விலாசம் கேட்டால் தர முடியாது என்கிறீர்கள். தனியாக என்ன செய்வாள், பாவம். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள் சார்?