கேட்டுக்கொண்டிருந்த இன்னொன்று

“அண்ணாச்சி, நமக்கு முன்னாடியே ஒருத்தன் அங்கன உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கான்.”

தூத்துக்குடியிலிருந்து உவரி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் மடியில் லேப்டாப்போடு இருந்த பெண் சொன்னாள். பக்கத்தில் அவளுடைய ஆபீஸ்காரர்.

“ஏளா, யாரு?”

“மீன்பிடி வள்ளங்கள்ல இருந்து நம்ம கம்ப்யூட்டருக்கு சிக்னல் வருத போர்ட் நம்பர்ல. எல்லாத்தையும் விண்டோஸ்ல இருந்து லினக்ஸுக்கு மாத்துனா, அந்த நம்பர்ல ஏற்கெனவே ஒண்ணு ஓடுதுன்னு நம்ம புரோகிராம் நின்னுட்டு. பாத்தா, நீங்க டெஸ்ட்டுக்கு எழுதி மறந்துபோன புரோகிராம்.”

“விண்டோஸ்ல ஒழுங்காத்தானே ஓடிச்சு?”

“அது ரெண்டையும் ஒரே நம்பர்ல விட்டிருக்கு. லினக்ஸ் விடல. சில சிக்னல் நமக்கு வராம அந்த டெஸ்ட் புரோகிராமுக்குப் போயிருக்கு. எல்லாத்தையும் ஃபைல்ல எழுதி வச்சிருக்கு.”

“என்ன, என் குத்தத்தையா?” என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. “போன வருசம் காணாமப்போன உங்க தம்பி வள்ளம், அண்ணாச்சி. ஆபத்துன்னு பதினோரு தடவ கூப்பிட்டிருக்கு.”

உப்பளங்கள் எல்லாம் கடந்து, திருச்செந்தூர் வந்ததும் அவர் கேட்டார்.

“கடைசியா எப்ப?”

“நாம தேடுறத விட்டதுக்கு மறுநாள் சாயங்காலம்.”

“ஆலந்தலை இறங்கு” என்று கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டார். ஆலந்தலைக்கு டிக்கெட் எடுத்திருந்த அவர் எழுந்திருக்கவில்லை.