நாற்றம் வராத கூடை

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் பொதட்டூர்பேட்டை பஸ் கிளம்பக் காத்திருந்தது. என் முன்சீட்டில் பழவேற்காட்டுப் பக்கத்துத் தீவிலிருந்து வந்த அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். காலடியில் கருவாட்டுக் கூடை. அக்கா குனிந்து அதை முகர்ந்தாள்.

"நாத்தமே வரலியேடி."

"இன்னொரு வாட்டி மோந்து பாருக்கா."

"எத்தினி வாட்டி பாக்கறது? மூணு நாள் மணல்ல பொதைஞ்சிருக்க வேண்டிய மீனு. ரெண்டாம் நாளே தோண்டினா எப்டி வரும்?"

"நம்ம குழிக் கருவாடு அழிஞ்சிடக் கூடாதுன்னுதானே அந்த டிவிக்காரங்க படம் புடிக்க வந்தாங்க. மறுநாள் வர முடியாதுன்னுட்டாங்க. தோண்டிக் காமிச்சிட்டு ஒடனே மூடிட்டமே."

"மூடினா? உள்ள இருந்த சூடு திரும்பி வந்துடுமா? கேமராவுக்கு மூக்கா இருக்குது?"

தங்கை கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பொதட்டூர்பேட்டையில வாங்கற தறிக்காரங்களாண்ட விஷயத்தைச் சொல்லிடலாமாக்கா?"

"சொல்லி? இந்த நாத்தத்துக்கோசரம்தான் வேற யார்கிட்டயும் வாங்காம நமக்காகக் காத்துகினு இருக்காங்க. இந்த வாட்டி கைய விரிச்சாங்கன்னா அப்புறம் யாருக்குடி குழி தோண்டறது?"

கண்டக்டர் வந்தார். தங்கை பழக்கத்தில் கூடையை முந்தானையால் மூடினாள்.

"எப்பவும் உங்கள கடைசி சீட்டுக்குத்தான் வெரட்டுவேன்" என்றார் அவர். "இன்னிக்கு ஒண்ணுமே தெரியல. இங்கியே வச்சிக்கங்கம்மா."

சிரித்தபடி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.