ஒன்றேகால் மில்லிமீட்டர்

ஏப்ரல் பதினேழாம் தேதி மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள்:

என் அண்ணன் மூக்காண்டி, வயது முப்பத்தாறு. நடு அறையில், கட்டிலில்.
அண்ணனின் மனைவி கனகலட்சுமி, எனக்கு மதினி. அதே அறையில், கட்டிலை ஒட்டித் தரையில், பாயில்.
நான், சுடலைமணி, வயது இருபத்தேழு. சுவருக்கு இந்தப் பக்கம், சின்ன அறையில்.

மத்தியானம் சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் படுப்பது எங்கள் வீட்டில் வழக்கம். சங்கரன்கோவில் வெயிலில் அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்ய முடியாது.

அண்ணன் தறி ஓட்டினான். அந்தப் பணத்தில் நான் இன்ஜினியரிங் படித்தேன். நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது புளியங்குடி சாலையில் ஒரு லோடு ஆட்டோ அவன் பைக்கை இடித்தது. கழுத்தெலும்பு முறிந்தது. பேச்சு இருந்தது, புத்தி இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் படிப்பை விட்டுவிட்டு அவனுடைய தறியில் இரவு ஷிப்டுக்குப் போனேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்தது இது.

தூங்கும்போது அவனுக்கு மூச்சு நின்றுபோகும். உடனே ஒருக்களித்துப் படுக்கவைத்து, சளியை உறிஞ்சி எடுத்தால் திரும்ப வரும். கவனிக்கத் தவறினால் வராது. ஆறு வருடமாக மதினி ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்கியதில்லை. அவளுக்கு வயது முப்பத்திரண்டு. பார்த்தால் நாற்பதைத் தாண்டியவள் போல் இருப்பாள்.

என்னோடு படித்த முகம்மது ஆரிப் கடையநல்லூர்க்காரன். படிப்பை முடித்தவன். உடம்பைத் தொடாமல் மூச்சை எண்ணும் ரேடார் ஒன்று செய்யலாம் என்று அவன்தான் வந்தான். சர்க்யூட்டும் கணினி வேலையும் அவனுடையது. ஆன்டெனா என்னுடையது.

அது கம்பி ஆன்டெனா இல்லை. மெல்லிய பலகையின்மேல் வரிசையாக எட்டுச் செப்புச் சதுரங்கள், ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். கூரையிலிருந்து அலையைக் கீழே அனுப்பும். நெஞ்சு ஏறி இறங்கும் சில மில்லிமீட்டர் அசைவைத் திரும்பி வரும் அலையில் படிக்கும். திரும்பி வருவது மிகச் சொற்பம். பலகை அதில் ஒரு பங்கை வெப்பமாக மாற்றித் தின்றுவிடும். போகும்போதும் தின்னும், வரும்போதும் தின்னும். பதினோரு மாதம் அந்த இழப்பைக் குறைப்பதுதான் என் வேலை. விலை கூடிய பலகைக்கு மாறினேன். செப்பை வழவழப்பாக்கச் சொன்னேன். சதுரங்களின்மேல் பூசும் பச்சைப் பூச்சை எடுக்கச் சொன்னேன். சதுரங்களுக்கு அலையைக் கொண்டுபோகும் செப்புக் கோடுகளை முடிந்தமட்டும் குட்டையாக்கினேன். ஒரு கல்லூரிக் கூடத்தில் அளந்து பார்த்தபோது அளக்கும் கருவி கெட்டுவிட்டதா என்று அங்கிருந்தவர் கேட்டார். அவ்வளவு குறைந்த இழப்பு.

அண்ணனின் நெஞ்சுக்கு நேர் மேலே அதை மாட்டினோம்.

"ஏலே மணி, என்னைய டிவி பொட்டின்னு நெனச்சியா? ஆன்டெனா மாட்டுத," என்றான். "படம் தெளிவா வருதா?"

"வருதுண்ணே. நிமிசத்துக்குப் பதினெட்டு மூச்சு," என்றேன் திரையைப் பார்த்து.

"அப்ப இருக்கேன்."

அன்றே மூச்சை அடக்கிப் பார்த்தான். கருவியின் எச்சரிக்கை மணி அலறியது. மதினி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அவன் சிரித்தான்.

"ஒங்களுக்கு வேற வேல இல்லையா? எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு."

"ஒனக்கு நின்னா அடிக்காதுட்டி. எனக்கு நின்னாத்தான் அடிக்கும்."

அந்த மாதம் மதினி தூங்கினாள். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை மணி அடித்தது. அடித்தபோதெல்லாம் எழுந்தாள். அவனைத் தூக்கித் திருப்புவது ஒருத்திக்குக் கஷ்டம் என்பதால், ஷிப்ட் இல்லாத நேரம் நானும் எழுந்தேன். என் ஆன்டெனா அவ்வளவு நல்லது. ஒரு மூச்சைக்கூட அது தவற விடவில்லை. இது எத்தனை வருடம் போகும் என்று யோசித்தேன். அந்த வீட்டில் யோசிக்க நேரம் இருந்தது எனக்கு மட்டும்தான்.

இதற்கிடையில் பெங்களூரில் ஒரு கம்பெனி என் அளவீடுகளைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட்டது. பட்டம் கேட்கவில்லை. மே மாதம் சேர வேண்டும் என்றார்கள். இதற்கும் நான் சொல்லவருவதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நான் இரண்டாவது பலகை ஒன்று வரைந்தேன். அதே எட்டுச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் போகும் கோட்டை, அதற்கு முந்தைய சதுரத்தின் கோட்டைவிட ஒன்றேகால் மில்லிமீட்டர் நீட்டினேன். அவ்வளவுதான். அப்படிச் செய்தால் அலை நேராக இறங்காது, இருபது டிகிரி சாயும். எங்கள் கூரை உயரத்துக்கு அது கட்டிலைத் தாண்டி, அண்ணன் நெஞ்சுக்கு நேர் கீழிருந்து இரண்டரை, மூன்று அடி தள்ளித் தரையில் விழும். அங்கேதான் மதினியின் பாய். அவள் படுக்கும்போது மட்டும்தான் கருவியைப் போட்டுவைப்போம். எங்கள் கருவிக்குத் தூரம் தெரியாது, ஆளும் தெரியாது. அசைவு மட்டும்தான் தெரியும். இரண்டாவது பலகையிலும் இழப்பு கூடவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய பலகையில் இணைப்பு ஆடுகிறது என்று ஆரிப்பிடம் சொல்லி மாற்றினேன். நம்பினான்.

மாற்றிய இரண்டாம் நாள் மத்தியானம். மதினி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் விளையாட்டுக்கு மறுபடியும் மூச்சை அடக்கினான். திரையில் பதினான்கு என்று ஓடிக்கொண்டே இருந்தது. அவன் முகம் சிவந்தது. விட்டுவிட்டான். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏலே, இது கோளாறா இருக்கே."

"சரி பண்ணுதேன்ணே."

"பாத்துப் பண்ணுலே," என்றான். மதினி எழுந்துவிடாதபடி மெதுவாகச் சொன்னான்.

அண்ணன் முட்டாள் இல்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வேண்டாம் என்றால் மதினியை எழுப்பியிருப்பான். எழுப்பவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். மறுநாள், ஆடி மாதம் வரும் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தன்னை நாற்காலியில் வைத்துக் கோயிலுக்குத் தூக்கிப் போகவேண்டும் என்று சொன்னான். எங்கள் மனம் வாடக்கூடாது என்று அப்படி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பது அவன் வழக்கம்.

பதினேழாம் தேதி நான் தூங்கவில்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். இரண்டு மணிவரை அந்தப் பக்கம் இரண்டு மூச்சு கேட்டது. ஒன்று கரகரப்பானது. அது சற்று நின்றது, ஒரு தடவை வந்தது, பிறகு வரவில்லை. மணி அடிக்கவில்லை. நான் எழுந்து போகவில்லை. அந்த வேலையைக் கருவியிடம் விட்டு நாளாகிவிட்டது.

மதினி நாலு பத்துக்கு எழுந்தாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார். இரண்டு மணி என்று எழுதிக்கொடுத்தார். மதினி அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள். "நான் பக்கத்துலதான் கெடந்தேன். தூங்கிட்டேன்." அதற்குப் பிறகு அவள் படுத்து நான் பார்க்கவில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். இது நான் எதிர்பார்த்தது இல்லை. கொஞ்ச நாளில் சரியாகும் என்று இருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஆரிப் லேப்டாப்போடு வந்தான். முகச்சவரம் செய்யாமல், சட்டை கசங்கி இருந்தான்.

"மணி, டாக்டரு ரெண்டு மணின்னு எழுதிருக்காரு. நம்ம பொட்டி நாலு பத்து வரைக்கும் மூச்சு காட்டிருக்கு. யாரு மூச்சு வே அது?"

அவன் மதினியிடம் போனான்.

"அக்கா, நீங்க தூங்குனது தப்பில்ல. எங்க மிசினை நம்பித்தான தூங்குனீங்க? தப்பு எங்க மேல. ஏழு வீட்டுல மாட்டிருக்கேன். எல்லாத்தையும் இன்னைக்கே கழத்திருதேன். ஆன்டெனாவே கோளாறு, அக்கா."

அந்த ஏழிலும் இருப்பது என் முதல் பலகை. ஒன்று குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மேலே தொங்குகிறது. அவற்றில் ஒரு குறையும் கிடையாது. பதினோரு மாத உழைப்பைக் கோளாறு என்று ஒருவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"ஆன்டெனால கோளாறு இல்ல," என்றேன். "நான் சாச்சு வரஞ்சேன்."

ஆரிப்புக்குப் புரியவில்லை. பேனா வாங்கி, பதினாறாம் நாள் அழைப்பிதழின் பின்பக்கத்தில் எட்டுச் சதுரங்களையும் வரைந்து, கோடுகளை நீட்டிக் காட்டினேன். கட்டிலை வரைந்தேன், பாயை வரைந்தேன். மதினிக்காகத்தான் செய்தேன் என்றும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியவேண்டும் என்று பட்டது. ஆரிப் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, செருப்பைப் போடாமலே தெருவில் இறங்கி நின்றான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டது அவன்தான்.

மதினி அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப அது என் மூச்சா மணி?"

"ஆமா மதினி."

"வேலைக் காகிதம் ஒனக்கு எப்ப வந்துச்சு?"

"மார்ச் ஒம்பது."

"இத எப்ப வரஞ்ச?"

"பதினொண்ணு."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். என் பெட்டி கட்டித் தயாராகச் சின்ன அறையில் இருந்தது. அதைத் தூக்கிவந்து வாசற்படிக்கு வெளியே வைத்தாள். நான் வெளியே வந்து பெட்டியைக் கையில் எடுத்தேன். தூக்கம் கெட்டுப் போயிருக்கிறாள், ஒரு வாரம் நன்றாகத் தூங்கி எழுந்தால் அவளே எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குப் பிறகு பூட்டும் விழுந்தது.